பழைய பைக் எஞ்சினை முதன்முறையாகப் பிரிப்பவர்களுக்கு

பழைய எஞ்சினுக்குள் இருக்கும் ஒவ்வொரு பாகமும் தான் எப்படி ஓடியது, எங்கே தேய்ந்தது, முன்பு யாராவது தப்பாகப் பூட்டினார்களா என்பதைத் தன் மேலேயே பதிந்து வைத்திருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஒரு தடவை துடைத்தால் அதில் பாதி போய்விடும். ஆகவே உள்ளே இருக்கும் எதையும் முதலில் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், எழுதி வைக்க வேண்டும். பிறகு கழற்றலாம். கழுவுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

இங்கே சொல்வது காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர், புஷ்ராடு (கேமின் அசைவை மேலே ராக்கருக்குக் கடத்தும் கம்பி) வைத்த நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை மனதில் வைத்து. டூ ஸ்ட்ரோக் என்றால் வால்வு, கேம் பகுதிகளை விட்டுவிடுங்கள். மற்றவை பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன்

அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலும், பாகங்களை வரிசையாகப் பிரித்துப் படமாகப் போட்டிருக்கும் பார்ட்ஸ் புத்தகமும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் பார்ட்ஸ் புத்தகத்தை எடுங்கள். எந்த ஷாஃப்டில் எத்தனை வாஷர், ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தப் படத்தில்தான் தெரியும்.

அடுத்து மரை. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கு விட்வொர்த் ஸ்பேனர் தேவைப்படும். அதில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டம். தலையின் அகலம் இல்லை. கால் இஞ்ச் விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 இஞ்ச், அதாவது 13.3 மி.மீ. அந்தத் தலையில் 13 ஸ்பேனர் ஏறாது. 14 போட்டால் சுற்றிக்கொண்டு மூலைகளை மழுக்கிவிடும். பழைய வண்டிகளில் உருண்டையாகிப் போன நட்டுகளில் பெரும்பாலானவை இப்படிப் பாழானவைதான். அமெரிக்க வண்டிகளுக்கு இஞ்ச் அளவு ஏ.எஃப் ஸ்பேனர் (இதில் எண் தலையின் அகலம்), ஜப்பானிய வண்டிகளுக்கு மில்லிமீட்டர் ஸ்பேனர்.

ஜப்பானிய எஞ்சின்களின் கவர் ஸ்குரூ பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் தலை போலவே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) வகை, பள்ளத்தின் வடிவம் வேறு. பிலிப்ஸ் திருப்புளி அதில் அடிவரை இறங்காது, பலம் கொடுத்ததும் மேலே ஏறி வந்து தலையைச் சுரண்டிவிடும். பல ஸ்குரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுவே அடையாளம். இதற்கென்று ஜே.ஐ.எஸ். முனைகளும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்கி வையுங்கள்.

மற்றவை: அறுமுனை சாக்கெட்டுகள், ரப்பர் சுத்தியல், வெண்கலத் துண்டு ஒன்று, அந்த மாடலுக்கே உரிய மேக்னெட் புல்லர், வால்வு ஸ்பிரிங் கம்ப்ரெஸர், சர்க்லிப் பிளையர், ஃபீலர் கேஜ், வெர்னியர், ஹீட் கன், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. சின்னச் சின்ன ஜிப் பைகள் ஐம்பதாவது வேண்டும், கூடவே அழியாத மார்க்கர். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள்.

ஒரு எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது. பழைய ஹெட் கேஸ்கெட்டிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காய்ந்த நிலையில் சுரண்டுவது, எம்ரி பேப்பர் போடுவது, காற்றடித்துத் தூசியைப் பறக்க விடுவது எதுவும் வேண்டாம். நனைத்து, ஈரமாகவே சுரண்டி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எஞ்சினை இறக்காமல் செய்ய வேண்டியவை

எஞ்சின் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் முனை நட்டில் சாக்கெட் போட்டு, ஓடும் திசையில் மெதுவாகத் திருப்புங்கள். இறுகி நின்றிருந்தால் கிக்கரை மிதித்துப் பார்க்காதீர்கள். கிக்கர் பல்லும் ரிங்கும்தான் உடையும். ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில்) அசிட்டோனும் சம அளவு எடுத்து, ஊற்றுவதற்கு முன் நன்றாகக் குலுக்கி, பிளக் ஓட்டை வழியாக ஊற்றி நாள்கணக்கில் ஊற விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும் பொருள், அதனால் அக்கம்பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு கிராங்க் நட்டை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டிப் பாருங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் போதும், மறுபடி ஊற்றிக் காத்திருக்கலாம்.

ஆயிலைச் சுத்தமான தட்டில் வடியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளே என்ன காத்திருக்கிறது என்று பாதி தெரிந்துவிடும். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பேரிங்கில் துரு இருக்க வாய்ப்பு அதிகம். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் இருப்பது இயல்பு. ஊசி ஊசியாக, செதில் செதிலாக இரும்பு வந்தால் கியர் பல் அல்லது பேரிங். காந்தத்தில் ஒட்டாத பொன்னிற மினுமினுப்பு வெண்கலப் புஷ் தேய்வதைக் காட்டும். வெள்ளித் துகளாக, காந்தத்தில் ஒட்டாமல் இருந்தால் அலுமினியம், பிஸ்டனைச் சந்தேகப்படுங்கள்.

ஆரம்பநிலையில் பலரும் செய்யும் பிசகு, எஞ்சினை உடனே ஃபிரேமிலிருந்து இறக்கிவிடுவது. பெரிய நட்டுகளுக்கு எஞ்சின் அசையாமல் நிற்க வேண்டும், அதற்கு ஃபிரேமைவிட நல்ல பிடிமானம் கிடைக்காது. செயினைக் கழற்றுவதற்கு முன்பே டாப் கியர் போட்டு, இன்னொருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, முன் ஸ்பிராக்கெட் நட்டைத் தளர்த்துங்கள். லாக் வாஷரின் மடிப்பை முதலில் தட்டி நிமிர்த்தியிருக்க வேண்டும். கிளட்ச் நடு நட்டு, கிராங்க் ஸ்பிராக்கெட் நட்டு, மேக்னெட் நட்டு ஆகியவற்றையும் கவரைத் திறந்து இதே முறையில் தளர்த்தி, கையிறுக்கமாக விட்டு வைக்கலாம்.

எந்த நட்டிலும் நீளமான கம்பி போட்டு இழுப்பதற்கு முன் அது இடது மரையா என்று பாருங்கள். ஷாஃப்டைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தால் சாதாரண மரை வலப்பக்கமாக ஏறும். இடது மரை இடப்பக்கமாக ஏறும். ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டு, சில கிளட்ச் நட்டுகள், சில ஸ்பிராக்கெட் நட்டுகள் இடது மரையில் வரும். பொது விதி கிடையாது. மேனுவலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிப்புற அழுக்கை எஞ்சின் மூடியிருக்கும்போதே கழுவிவிடுங்கள். இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களில் துணி அடைத்து, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தால் போதும். பெட்ரோல் வேண்டாம். காஸ்டிக் சோடா கலந்த எதுவும் அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

அட்டையும் பையும்

கவர் ஸ்குரூக்கள் ஒரே மாதிரி தெரிந்தாலும் நீளம் மாறும். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, ஸ்குரூ இருக்கும் இடங்களில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அந்தந்த ஓட்டையில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்குரூவை ஆழமில்லாத ஓட்டையில் முடுக்கினால் கேஸின் அடி பிளந்துவிடும். குட்டையானதை ஆழமான இடத்தில் போட்டால் இரண்டு மூன்று மரை மட்டும் பிடித்து, இறுக்கும்போது அலுமினியத்தையே பிடுங்கிக்கொண்டு வரும்.

பைகளில் பாகத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்துப் புரியாது. "கிளட்ச் கவருக்குப் பின்னால், கிக்கர் ஷாஃப்ட், வெளியிலிருந்து இரண்டாவது வாஷர், சரிவான பக்கம் உள்ளே" என்று முழுதாக எழுதுங்கள். படம் எடுக்கும்போது மூன்று கோணத்தில் எடுங்கள். நேராக எடுத்த ஒற்றைப் படத்தில் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது.

ஹெட், பிளாக், பிஸ்டன்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ராக்கர் கவரைத் திறந்து, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆடும் நிலை அது. வால்வு ஸ்பிரிங் அழுத்தம் இல்லாததால் ராக்கர் வளையாது, புஷ்ராடும் தானாகவே வந்துவிடும். இன்லெட் புஷ்ராடு எது, எக்ஸாஸ்ட் எது, மேல் முனை எது என்று மூன்றையும் குறித்து வையுங்கள். அவை தங்கள் ஜோடியோடு சேர்ந்து தேய்ந்தவை.

ஹெட் நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒன்றை முழுதாக விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் சாயும். அந்தக் கோணல் பிறகு கேஸ்கெட் கசிவாகத் தெரியும். நட்டுகளை எடுத்த பிறகும் ஹெட் வராவிட்டால் ஃபின்களுக்கு (காற்றில் குளிரும் தகடுகளுக்கு) நடுவே திருப்புளியை விட்டு நெம்பக்கூடாது. ஃபின் வார்ப்பு உடையத் தயாராக இருக்கும். எக்ஸாஸ்ட் வாய்க்குக் கீழே தடிமனான இடத்தில் மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். அப்படியும் அசையாவிட்டால் புஷ்ராடுகள் வெளியே இருக்கும் நிலையில், வால்வுகள் மூடியபடி இருக்கும். பிளக்கைப் பூட்டிக் கிக்கரை மிதித்தால் உள்ளே சேரும் காற்றழுத்தமே ஹெட்டைத் தூக்கிவிடும்.

ஹெட் வந்ததும் துடைக்காதீர்கள். எரிப்பறையின் நிறத்தைப் பாருங்கள். கறுத்து ஈரமாக, எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. காய்ந்த கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். கேஸ்கெட்டில் ஒரு இடத்தில் மட்டும் கறுப்புக் கோடு ஓடினால் அங்கேதான் அழுத்தம் கசிந்திருக்கிறது.

பிளாக்கைத் தூக்கும்போது பிஸ்டன் கீழ்நிலையில் இருக்கட்டும். இரண்டு அங்குலம் தூக்கியதும் நிறுத்தி, கிராங்க்கேஸின் வாயைச் சுத்தமான துணியால் நிரப்பி அடைத்துவிடுங்கள். ரிங் உடைந்திருந்தால் அதன் துண்டு விழப்போகும் நேரம் அதுதான். பிறகு பிளாக்கை முழுதாக எடுக்கும்போது மறு கையால் பிஸ்டனைத் தாங்கிப் பிடியுங்கள். தானாக விழுந்து ஸ்டடில் மோதினால் ஸ்கர்ட் (ரிங்குகளுக்குக் கீழே இருக்கும் பிஸ்டன் சுவர்) நசுங்கும்.

பிஸ்டனையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் கட்ஜன் பின்னின் சர்க்லிப்பைக் கழற்றும்போது கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கழற்றிய சர்க்லிப்பை மறுபடி பயன்படுத்தக்கூடாது. அது ஓடும்போது கழன்றால் சிலிண்டர் சுவரில் பள்ளம் தோண்டிவிடும். பின் கையால் தள்ளினாலே வர வேண்டும். வராவிட்டால் பிஸ்டனை ஹீட் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும். சுத்தியலால் அடித்தால் கனெக்டிங் ராட் வளையும். வளைந்தது கண்ணுக்குத் தெரியாது, புதுப் பிஸ்டன் போட்ட பிறகு தேய்மானத்தில்தான் தெரியும்.

இப்போது பிஸ்டனை வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கர்ட்டில் சீரான தேய்ப்பு இருப்பது சாதாரணம். ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் தேய்ந்திருந்தால் ராட் வளைந்திருக்கிறது. நான்கு மூலைகளில் செங்குத்தாகக் கீறல்கள் இருந்தால் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்திருக்கிறது. இடைவெளி போதாமலோ, குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் முறுக்கியதாலோ அது நடக்கும். ரிங்குகளுக்குக் கீழே பழுப்பு நிறம் பரவியிருந்தால் எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்குகிறது.

ரிங் இடைவெளியை அளக்க, ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் 25 மி.மீ. அளவு தள்ளி நேராக்கி, முனைகளுக்கு நடுவே ஃபீலர் கேஜை விடுங்கள். புது ரிங்குக்குச் சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.003 முதல் 0.004 மி.மீ. என்பது பழைய கணக்கு; 70 மி.மீ. சிலிண்டருக்கு 0.21 முதல் 0.28 வரை. தேய்மான எல்லைக்கு மேனுவல் சொல்வதே முடிவு. சிலிண்டரை மேலே, நடுவே, கீழே மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில் அளக்க வேண்டும். ரிங் திரும்பும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் அதிகம் இருக்கும். நகத்தால் தடவினாலே அங்கே படி தட்டுப்பட்டால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டிவரும்.

கனெக்டிங் ராடை இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். துளி ஆட்டம் தெரிந்தாலும் பிக் எண்ட் (ராடு கிராங்க்கில் சேரும் இடத்துப் பேரிங்) போய்விட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது வேறு விஷயம்; அது இருக்கத்தான் வேண்டும்.

வால்வுகளை எடுக்கும்போது ஸ்பிரிங் கம்ப்ரெஸரைப் போடுவதற்கு முன், சாக்கெட் ஒன்றை ஸ்பிரிங் தட்டில் வைத்து ஒரு தட்டு தட்டினால் ஒட்டிக்கொண்ட காலட் (ஸ்பிரிங் தட்டை வால்வுத் தண்டில் பிடித்து வைக்கும் சின்னப் பூட்டு) விடுபடும். காலட் உட்காரும் பள்ளத்தின் விளிம்பில் பிசிறு எழும்பியிருக்கும். அதை மெல்லிய அரத்தால் எடுத்துவிட்டு வால்வை உருவுங்கள். அப்படியே இழுத்தால் வால்வுத் தண்டு ஓடும் கைடு உள்ளே கீறிப்போகும்.

மேக்னெட், கிளட்ச்

மேக்னெட் ஃபிளைவீல் சரிவான ஷாஃப்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். மூன்று கால் புல்லரை விளிம்பில் மாட்டி இழுத்தால் விளிம்பு நெளியும்; சுத்தியலால் அடித்தால் காந்தம் உடையும். மரையில் மாட்டும் சரியான புல்லரை முழு ஆழத்துக்கு முடுக்குங்கள். நடு போல்ட்டை இறுக்கி, அதன் தலையில் ஒரே ஒரு கூர்மையான அடி. பெரும்பாலும் டக்கென்ற சத்தத்தோடு விடுபடும். வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி ஒரு அடி. அடியில் இருக்கும் அரைவட்டக் கீயை அப்போதே எடுத்துப் பையில் போடுங்கள். இல்லாவிட்டால் அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் போகும், அல்லது தரையில் காணாமல் போகும்.

கிளட்ச் ஸ்பிரிங்குகளையும் எதிரெதிராகத் தளர்த்துங்கள். பிளேட்டுகளை வந்த வரிசையிலேயே கம்பியில் கோத்துக் கட்டுங்கள். கிளட்ச்சைத் தள்ளும் புஷ் ராடின் முனையில் ஒரு குட்டி இரும்புக் குண்டு இருக்கலாம். எஞ்சினைச் சாய்த்தால் உருண்டு போய்விடும். சில பிரிட்டிஷ் எஞ்சின்களில் கிளட்ச் டிரம்முக்கு உள்ளே தனித்தனி ரோலர்கள் இருக்கும். அடியில் தட்டு வைத்துக்கொண்டுதான் டிரம்மை இழுக்க வேண்டும். ஹப் சுற்றாமல் பிடிக்க, பழைய ஃபிரிக்‌ஷன் பிளேட் ஒன்றையும் ஸ்டீல் பிளேட் ஒன்றையும் போல்ட் போட்டு இணைத்துவிட்டால் போதும்.

டைமிங் பக்கத்தில் கேமை ஓட்டும் கியர்களைத் தொடுவதற்கு முன் பற்களில் குறிகள் ஒன்றோடொன்று சேரும் நிலைக்குக் கிராங்க்கைக் கொண்டுவந்து படம் எடுங்கள். குறி தேய்ந்திருந்தால் பெயின்ட்டால் நீங்களே வையுங்கள்.

கேஸைப் பிளப்பது

இதுதான் அவசரமே கூடாத இடம். கேஸ் பிரிய மறுக்கிறது என்றால் எங்கோ ஒரு போல்ட் பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிராக்கெட்டுக்குப் பின்னால், மேக்னெட் குழிக்குள், கிளட்ச் டிரம் இருந்த இடத்தில், பிளாக் உட்காரும் வாய்க்கு அருகில் தேடுங்கள். அழுக்கு நிரம்பிய ஆலன் ஸ்குரூ குழி வெறும் வார்ப்புப் புள்ளி போலத் தெரியும். பார்ட்ஸ் புத்தகத்தின் எண்ணிக்கையும் அட்டையில் குத்தியிருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

எல்லாம் வெளியே வந்த பிறகும் பேரிங்கும் டோவலும் (இரு பாதிகளையும் நேராகச் சேர்க்கும் ஊசி) கேஸைப் பிடித்துக்கொண்டிருக்கும். பேரிங் இருக்கும் இடத்தைச் சுற்றிக் கேஸை ஹீட் கன்னால் பரவலாகச் சூடாக்குங்கள். தண்ணீரைத் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் சூடு, ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ், போதும். ரப்பர் சுத்தியலால் தடிமனான இடங்களில் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் திறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அதை மூடித் திரும்ப ஆரம்பியுங்கள். இரண்டு கேஸும் சேரும் முகத்தில் திருப்புளியையோ உளியையோ விடவே கூடாது. அங்கே விழும் ஒரு கீறல் எஞ்சின் இருக்கும் வரை ஆயில் கசியும். கிராங்க்கின் முனையில் சுத்தியலால் அடிப்பதும் கூடாது. அழுத்திச் சேர்த்த கிராங்க் நேர்த்தியை இழந்துவிடும்.

ஒரு பாதி படுத்தபடி இருக்க, மறு பாதியை நேராக மேலே தூக்குங்கள். தூக்கிய பாதியின் உட்புறத்தை உடனே பாருங்கள். ஷிம்களும் த்ரஸ்ட் வாஷர்களும் ஆயிலின் பசையில் கேஸோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக விழும், எந்த ஷாஃப்டுடையது என்று தெரியாமல் போகும். கியர் பாக்ஸ் உள்ளே இருந்தால், எதையும் அசைக்காமல் படம் எடுத்த பிறகு, இரண்டு ஷாஃப்டையும் செலக்டர் ஃபோர்க்குகளோடு சேர்த்து ஒரே பிடியில் எடுத்து, ஒவ்வொரு ஷாஃப்டின் வரிசை கலையாமல் கம்பியில் கோத்துவிடுங்கள். பற்களின் முனையைவிடப் பக்கவாட்டு நாய்ப்பற்களை (ஒரு கியர் அடுத்ததில் கோத்துக்கொள்ளும் புடைப்புகளை) கவனியுங்கள். அவற்றின் மூலை உருண்டிருந்தால் கியர் துள்ளி விழும் வண்டி அது.

பேரிங்கைக் கழற்ற, கேஸை நன்றாகத் துடைத்துவிட்டு மறுபடி அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, மரப்பலகையில் முகம் கீழாகத் தட்டினால் தானாக விழும். குளிர்ந்த கேஸில் அடித்து எடுத்தால் பேரிங் உட்காரும் குழி அகன்று, புதுப் பேரிங் அதில் சுற்ற ஆரம்பித்துவிடும். வெளிவளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை எழுதி வையுங்கள். 6205 என்றால் உள் விட்டம் 25, வெளி விட்டம் 52, அகலம் 15 மி.மீ.; 6305 என்றால் 25, 62, 17. கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் அவற்றை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வரும். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். சூட்டில் விரிவதற்காகக் கூடுதல் இடைவெளி விட்ட பேரிங் அது. சாதாரணப் பேரிங்கை அங்கே போட்டால் எஞ்சின் சூடானதும் இறுகும்.

எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகு கழுவுங்கள். ஆயில் வழிகள் ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் பீய்ச்சி, மறுமுனையில் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். கேஸுக்குள் மணல் அல்லது கண்ணாடித் தூள் வீசிச் சுத்தம் செய்யக் கொடுக்காதீர்கள். ஆயில் வழியில் தங்கும் ஒரு சிட்டிகைத் துகள் புதுப் பேரிங்கை அரைத்துத் தீர்த்துவிடும். காய்ந்ததும் சிலிண்டர் சுவர், கிராங்க், கியர்கள் எல்லாவற்றின் மேலும் ஆயில் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். வெறும் இரும்பில் ஒரே இரவில் துரு ஏறத் தொடங்கிவிடும்.